கள்ளிக்காட்டை வாங்கிக் கொடுத்த அறக்கட்டளை

நீங்கள் கேட்டது இது: அமெரிக்காவில் சில பணக்காரக் குடும்பங்கள் அறக்கட்டளை வைத்து, காளான் சிகிச்சை, பழங்குடிச் சடங்கு வைத்தியம் என்று பெரிய ஆஸ்பத்திரிகள் ஒப்புக்கொள்ளாத மருத்துவத்துக்குப் பணம் கொடுக்கின்றன. அதே கையால் போதைச் சட்டச் சீர்திருத்தம், பழங்குடி உரிமை என்று சமூக நீதிக்கும் கொடுக்கின்றன. இது நிஜமான அறப்பணியா? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? நம்மூர் அமைப்பு அங்கே விண்ணப்பிக்கலாமா?

தொண்டு அமைப்புகளுக்கு நிதி விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது பல வருடமாக என் வேலை. அதனால் கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இப்படிப்பட்ட குடும்ப அறக்கட்டளைகள் பெரும்பாலும் தாங்களே தேடிப்போய்க் கொடுப்பவை. தபாலில் வரும் விண்ணப்பத்தைப் பல இடங்களில் வாங்குவதே இல்லை. அப்படியே கொடுக்க முன்வந்தாலும், வெளிநாட்டுப் பணம் பெற எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். அமைப்புக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்ச ரூபாயாவது பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும், பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள ஒரு பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதும் முடியாது. சின்ன அமைப்பு என்றால் இந்தப் பாதையை நம்பி உட்கார வேண்டாம். இன்னொன்று, சைலோசைபின் (அந்தக் காளானில் இருக்கும் பொருள்) இந்தியாவில் 1985-ம் வருட என்டிபிஎஸ் (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. இங்கே அதை வைத்து யாரும் ‘சிகிச்சை’ செய்ய முடியாது. செய்கிறேன் என்று கூப்பிடுபவரிடம் போகவும் வேண்டாம்.

சரி, மற்ற இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தமான விஷயம் இது, கொஞ்சம் நீளும்.

பொதுவாகப் பேசினால் காற்றில் பேசுவதுபோல் ஆகிவிடும் என்பதால் ஒரே ஒரு அறக்கட்டளையை எடுத்துக்கொள்கிறேன். ரிவர்ஸ்டிக்ஸ் ஃபவுண்டேஷன். அமெரிக்காவின் வடமேற்கைச் சேர்ந்த குடும்ப அறக்கட்டளை. ஸ்டிக்ஸ் என்பது கிரேக்கக் கதைகளில் உயிரோடு இருப்பவர்களின் உலகத்தையும் செத்தவர்களின் உலகத்தையும் பிரிக்கும் ஆறு. நம் கருட புராணத்து வைதரணி மாதிரி. மனிதர்கள் பயந்து முகம் திருப்பிக்கொள்ளும் இடங்களுக்கு, அதாவது சாவு, போதைப்பொருள், சிறை போன்ற இடங்களுக்குப் பணம் கொண்டுபோவதுதான் அவர்கள் நோக்கம். அதன் பொறுப்பில் இருக்கும் கோடி ஸ்விஃப்ட் உளவியல் படித்தவர். சைலோசைபின் எடுத்த புற்றுநோயாளிகளை நேர்கண்டு ஆய்வுக் கட்டுரையும் எழுதியவர்.

அமெரிக்கச் சட்டத்தில் ‘தனியார் அறக்கட்டளை’ என்பதற்குத் தனி அர்த்தம் உண்டு. ஒரு குடும்பமோ ஒரு ஆளோ மொத்தமாகப் பணத்தைப் போட்டுவிடுகிறார்கள். அது முதலீட்டில் வளர்கிறது. வளர்கிற பணத்துக்கு வரி ஏறக்குறைய இல்லை. முதலீட்டு வருமானத்தில் 1.39 சதவீதம் மட்டும். அதற்குப் பதிலாகச் சொத்து மதிப்பில் சுமார் 5 சதவீதத்தை வருடா வருடம் அறப்பணிக்கு வெளியே விட்டே ஆக வேண்டும். குடும்பத்தார் அந்தப் பணத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. 990-பிஎஃப் என்ற கணக்குப் படிவத்தை வருடந்தோறும் தாக்கல் செய்ய வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். அது பொது ஆவணம், இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எந்த அறக்கட்டளையைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் அவர்களுடைய அழகான அறிக்கையை மூடிவைத்துவிட்டு இந்தப் படிவத்தைத் திறங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

இந்த அமைப்பில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை, பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, தெருவில் உண்டியல் குலுக்க வேண்டியதும் இல்லை. அதனால் பேர் கெட்டுவிடும் என்று அரசும் கம்பெனியும் தொடாத விஷயத்தை இவர்கள் தொட முடியும். ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

காளான் ஆராய்ச்சி எதற்காக இப்படிப்பட்ட பணத்தை நம்பியிருந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். சைலோசைபினை 1958-ல் ஆல்பர்ட் ஹாஃப்மன் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்தார். அடுத்த பத்து வருடம் மேற்கில் ஆராய்ச்சி நடந்தது. 1970-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் சைலோசைபினையும் அது போன்றவற்றையும் ‘மருத்துவப் பயன் எதுவும் இல்லாதவை’ என்ற முதல் பட்டியலில் போட்டது. அனுமதி வாங்குவதே பெரும்பாடு. அரசு பணம் தராது. மருந்துக் கம்பெனியும் வராது, ஏனென்றால் இயற்கையில் கிடைக்கிற பழைய மூலக்கூறுக்குக் காப்புரிமை எடுப்பது கஷ்டம். ஒருமுறை இருமுறை கொடுத்தால் போதும் என்கிற மருந்தில் தினம் ஒரு மாத்திரை விற்கிற லாபமும் கிடையாது. அப்புறம் யார் வருவார்கள்? 1993-ல் தொடங்கிய ஹெஃப்டர் ஆய்வு நிறுவனம் போன்றவை தனிநபர் நன்கொடைகளைச் சேர்த்து ஆய்வாளர்களுக்குக் கொடுத்தன. ரிவர்ஸ்டிக்ஸும் அந்தக் கொடையாளர் வரிசையில் ஒன்று.

அந்தப் பணத்தில் நடந்த இரண்டு பரிசோதனைகள் 2016 டிசம்பரில் ஒரே நாளில் வெளியாயின. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 51 பேர், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 29 பேர். எல்லோரும் புற்றுநோயாளிகள், சாவு பயத்திலும் மனச்சோர்விலும் இருந்தவர்கள். முன்னும் பின்னும் பேச்சுச் சிகிச்சை, நடுவில் ஒரே ஒரு முறை பெரிய அளவு மருந்து. சோபாவில் படுக்க வைத்து, கண்ணைக் கட்டி, இசை போட்டு, பக்கத்தில் பயிற்சி பெற்ற இருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்தும் ஹாப்கின்ஸில் சுமார் 80 சதவீதம் பேருக்குச் சோர்வும் பதற்றமும் குறிப்பிடும்படி குறைந்தே இருந்தன.

என் பெரியம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் போனார். கடைசி இரண்டு மாதம் ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டார். “கண்ணை மூடினா திறக்க மாட்டேனோன்னு இருக்கு” என்பார். பார்த்த டாக்டர் நல்லவர்தான். வலிக்கு மருந்து கொடுத்தார், ஸ்கேனைப் பார்த்தார். அந்தப் பயத்துக்கு அவரிடம் எதுவும் இல்லை. வீட்டில் இருந்த எங்களிடமும் இல்லை. சாகப்போகிறவரின் பயத்தையும் ஒரு நோயாக மதித்து அதற்கு மருந்து தேடியவர்கள் எங்கோ இருந்தார்கள் என்பதை நான் பின்னால்தான் படித்தேன். அதனால் இந்த 51 பேரும் 29 பேரும் எனக்கு வெறும் எண்ணிக்கையாகப் படவில்லை.

ஆனாலும் எண்ணிக்கையை எண்ணிக்கையாகவும் பார்க்க வேண்டும். இரண்டு ஆய்விலும் பாதிப் பேருக்கு முதலில் நிஜ மருந்தும் மீதிப் பேருக்கு ஒப்பீட்டு மருந்தும் கொடுத்துப் பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அளந்தபோது எல்லோரும் நிஜ மருந்தை எடுத்து முடித்திருந்தார்கள். ஆகவே அந்த 80 சதவீதத்தை ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பக்கம் ஆளே இல்லை. தவிர, இந்த மருந்தில் எதை விழுங்கினோம் என்பது ஒரு மணி நேரத்தில் யாருக்கும் தெரிந்துபோகும். கண்மறைத்துச் சோதிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். நம்பிக்கை எவ்வளவு வேலை செய்தது, மருந்து எவ்வளவு வேலை செய்தது என்று பிரிப்பது கடினம்.

அரசுப் பணம் கடைசியில் வந்தது. 2021-ல் அமெரிக்காவின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம், சைலோசைபினால் புகைபிடிப்பதை நிறுத்த முடியுமா என்று பார்க்க ஹாப்கின்ஸுக்குச் சுமார் 40 லட்சம் டாலர் கொடுத்தது. சைகடெலிக், அதாவது சைலோசைபின் போல மனநிலையை மாற்றும் மருந்துகளை வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு, அரை நூற்றாண்டில் முதல் அமெரிக்க அரசு நிதி. தனியார் முன்னால் போய் முள்ளை மிதித்த பிறகுதான் அரசு அந்த வழியில் நடந்தது. ஹாப்கின்ஸ் ஆய்வை வழிநடத்திய ரோலண்ட் கிரிஃபித்ஸுக்கே அதே 2021-ல் குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் இறந்தார். நோய் தெரிந்த பிறகு அவர் கொடுத்த பேட்டிகளில் அவர் பேசிய நிதானத்தை நான் மறக்கவில்லை.

இப்போது ஆபத்து. பணம் கொடுப்பவரும் ஆராய்ச்சி செய்பவரும் ஏற்கெனவே மருந்தை நம்பியவர்களாக இருந்தால் கேள்வி கேட்க ஆள் இருக்க மாட்டார். இது எம்டிஎம்ஏ (தெருவில் ‘எக்ஸ்டசி’ என்று விற்கும் பொருள்) விஷயத்தில் நிஜமாகவே நடந்தது. போர், வன்முறை, பாலியல் கொடுமை ஆகியவற்றின் அதிர்ச்சியில் இருப்பவர்களுக்கான சிகிச்சையாக அதை முப்பது வருடத்துக்கும் மேல் வளர்த்ததும் பெரும்பாலும் நன்கொடைதான். 2021-ல் வந்த 90 பேர் பரிசோதனையில், மருந்து எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் நோய் வரையறைக்கு வெளியே வந்தார்கள். போலி மருந்தில் 32 சதவீதம். ஆனால் 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதி மறுத்து, இன்னொரு பெரிய பரிசோதனை செய்யச் சொன்னது. அதற்கு முன் நடந்த விசாரணைக் கூட்டத்தில், பரிசோதனையில் கலந்துகொண்டவர்கள் மருந்தைப் பற்றி நல்லதாகவே சொல்லத் தூண்டப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதற்கும் முன்பே கனடாவில் ஒரு ஆரம்பகட்டப் பரிசோதனையில், மருந்தின் பிடியில் இருந்த பெண்ணிடம் சிகிச்சையாளர்கள் எல்லை மீறியது வீடியோவோடு வெளியே வந்திருந்தது. மனம் திறந்து கிடக்கும் ஒருவரின் பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறோம் என்பது மருந்தைவிடப் பெரிய கேள்வி. நல்ல நோக்கத்தோடு வந்த பணம் அதற்குப் பதில் ஆகாது.

சமூக நீதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றீர்கள். இப்படிப் பாருங்கள். 1986-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வெள்ளையர் அதிகம் பயன்படுத்திய தூள் கொக்கைன் 500 கிராம் விற்பனைக்கு வைத்திருந்தால் என்ன தண்டனையோ, கறுப்பினத்தவர் பகுதிகளில் புழங்கிய ‘கிராக்’ வகைக் கொக்கைன் 5 கிராம் விற்பனைக்கு வைத்திருந்தாலே அதே ஐந்து வருடக் கட்டாயச் சிறை. நூற்றுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கு 2010 வரை இருந்தது. இப்போதும் பதினெட்டுக்கு ஒன்று. போதைப்பொருளின் பெயரால் சிறைக்குப் போனவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2018-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சைகடெலிக் பரிசோதனைகளில் சேர்க்கப்பட்டவர்களை எண்ணிப் பார்த்தது: 82 சதவீதம் வெள்ளையர். ஆரகன் மாநிலம் 2020-ல் வாக்கெடுப்பு நடத்திச் சைலோசைபின் அமர்வுகளைச் சட்டபூர்வமாக்கியது. ஆனால் ஒரு அமர்வுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஒரே வகைப் பொருளால் ஒருவருக்கு விலங்கு, இன்னொருவருக்கு விடுதலை. சிகிச்சைக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுச் சட்டத்தைப் பார்க்காமல் இருப்பவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். ரிவர்ஸ்டிக்ஸ் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இந்தக் காரணத்தால்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னும் ஆழமான கடன் ஒன்று இருக்கிறது. மெக்சிகோவின் வாஹாக்கா மலைகளில் உவாவ்த்லா என்ற ஊரில் மரியா சபினா என்ற மசதெக் இன வைத்தியப் பெண் இருந்தார். காளான்களைக் ‘குட்டிப் புனிதக் குழந்தைகள்’ என்று அழைத்து, இரவெல்லாம் பாடி நோயைக் கண்டறிவார். 1955-ல் கார்டன் வாசன் என்ற நியூயார்க் வங்கியாளர் அந்தச் சடங்கில் கலந்துகொண்டு, 1957-ல் லைஃப் பத்திரிகையில் எழுதினார். மரியாவின் பெயரை மாற்றித்தான் எழுதினார், ஆனாலும் ஊர் தெரிந்துபோயிற்று. வெளிநாட்டுக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியது. போலீஸ் வந்தது. ஊர்க்காரர்கள் கோபத்தில் அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். அந்நியர்கள் வந்த பிறகு காளான்கள் தம் சக்தியை இழந்துவிட்டன என்று அவர் வருந்தினார். 1985-ல் ஏழையாகவே இறந்தார். ஹாஃப்மன் 1958-ல் பிரித்தெடுத்ததும் இந்த வழியாக வந்த காளானிலிருந்துதான். 2019 கடைசி நாளில் கம்பஸ் பாத்வேஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்கு சைலோசைபினின் ஒரு படிக வடிவத்தை வைத்து அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உவாவ்த்லாவுக்கு அதில் ஒரு காசு கிடையாது.

இந்தக் கதை தெரிந்ததால்தான் பெயோட்டி விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெயோட்டி முள்ளில்லாத, உள்ளங்கைக்குள் அடங்குகிற, உண்டால் மனநிலையை மாற்றுகிற சாம்பல் பச்சைக் கள்ளி. உலகத்திலேயே தெற்கு டெக்சாஸ் எல்லையோரத்திலும் அதை ஒட்டிய வடக்கு மெக்சிகோவிலும்தான் இயற்கையாக வளர்கிறது. முட்காட்டில் புதர் நிழலுக்கு அடியில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். நம்மூர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தமான மெஸ்கீட் மரங்கள் நிற்கிற அதே நிலம். நேட்டிவ் அமெரிக்கன் சர்ச் என்ற பழங்குடிச் சமய அமைப்பு இதைத் தெய்வ மருந்தாகக் கொள்கிறது. தீயைச் சுற்றி உட்கார்ந்து, நீர் நிரப்பிய முரசு அடித்துப் பாடி, விடியும்வரை நடக்கும் வழிபாடு. குடியிலிருந்து மீண்டதற்கு இதையே காரணமாகச் சொல்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பாதிரியார்களும் அரசு அதிகாரிகளும் இதை ஒழிக்கப் பார்த்ததால்தான் 1918-ல் ஓக்லஹோமாவில் சர்ச் என்ற பெயரில் பதிவு செய்தார்கள். அந்தப் பெயருக்குள் ஒளிந்துதான் பிழைக்க வேண்டியிருந்தது.

அப்படியும் விடவில்லை. ஆரகனில் கிளமத் இனத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஸ்மித் போதை மீட்பு மையம் ஒன்றில் ஆலோசகராக வேலை பார்த்தார். வழிபாட்டில் பெயோட்டி உண்டார் என்று வேலை போயிற்று. வேலையின்மை உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1990-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. பழங்குடியினர் ஒன்று திரண்டு போராடி, 1994-ல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த பிறகுதான், அரசு அங்கீகரித்த பழங்குடியினர் வழிபாட்டில் பெயோட்டி உண்பது நாடு முழுக்கக் குற்றமில்லை என்று ஆனது.

உரிமை வந்துவிட்டது, செடி இல்லை. டெக்சாஸில் நிலம் ஏறக்குறைய முழுக்கத் தனியாருடையது. உரிமம் பெற்ற விற்பனையாளர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். அவர்கள் நிலச்சொந்தக்காரருக்குக் குத்தகை கொடுத்து அறுத்து விற்பதுதான் முக்கியமான சட்டபூர்வமான வழி. மேய்ச்சலுக்காக நிலத்தை வேரோடு உழுது தள்ளுகிறார்கள். திருட்டு அறுவடையும் உண்டு. இந்தக் கள்ளி விதையிலிருந்து அறுவடைக்கு வர பத்து வருடம்போல ஆகும். அறுக்கிற முறையில்தான் உயிரே இருக்கிறது. முளைக்கீரையை வேரோடு பிடுங்குவோம், அது அத்தோடு முடிந்தது. அரைக்கீரையைக் கிள்ளினால் மறுபடி தழைக்கும். பெயோட்டி அரைக்கீரை மாதிரி. மேல் தலையை மட்டும் சீவி எடுத்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்டால் பக்கத்தில் புதுத் தலைகள் வரும். ஆழமாக வெட்டினால் செத்துவிடும். அவசரக் கூலிக்கு அறுக்கிறவர் கை பெரும்பாலும் ஆழமாகத்தான் போகும்.

பழங்குடி சர்ச் தலைவர்கள் பெயோட்டிப் பாதுகாப்புக்கு ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். 2017-ல் டெக்சாஸின் ஹெப்ரான்வில் பக்கத்தில் 605 ஏக்கர் கள்ளிக்காடு வாங்கப்பட்டது. வாங்க உதவியது ரிவர்ஸ்டிக்ஸ். அங்கே நாற்றங்கால் போட்டிருக்கிறார்கள். முன்னோர் வந்த வழியில் குடும்பங்கள் வந்து தங்கி, பூட்டிய வேலிக்கு வெளியே நின்று பேரம் பேசாமல், தாங்களே தங்கள் கையால் மருந்தை எடுக்கலாம். ஒரு அறக்கட்டளைக்கு இதில் ஆய்வுக் கட்டுரை கிடைக்காது, காப்புரிமை கிடைக்காது, ‘இத்தனை பேர் குணமானார்கள்’ என்று அறிக்கையில் போட வரைபடமும் கிடைக்காது. நிலம், வேலி, தண்ணீர்க் குழாய், காவல். நிதி விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், இந்த நான்குக்கும் பணம் கேட்டால் எத்தனை பேர் கதவைச் சாத்துவார்கள் என்று. என் கண்ணில் இந்த அறக்கட்டளை செய்ததிலேயே பெரியது இதுதான்.

இன்னொன்றும் நடந்தது. 2019-ல் ஓக்லண்ட் நகரம் காளான், கள்ளி உட்பட மனநிலையை மாற்றும் இயற்கைப் பொருள்கள் மீதான நடவடிக்கை போலீஸின் கடைசி வேலையாக இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டது. பல நகரங்களில் ஆர்வலர்கள் அதையே கேட்கத் தொடங்கினார்கள். 2020-ல் பழங்குடி சர்ச்சுகளின் தேசியக் குழுவும் இந்தப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து, உங்கள் பட்டியலில் பெயோட்டியின் பெயரைப் போடாதீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டன. இருக்கிற கொஞ்சமும் நாலு பேர் ஆர்வத்தில் காலியாகிவிடும் என்பது அவர்கள் பயம். 2022-ல் கொலராடோ மாநில மக்கள் இப்படிப்பட்ட இயற்கைப் பொருள்களுக்கான தடையைத் தளர்த்த வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்தில் பெயோட்டி வெளியே விடப்பட்டிருக்கிறது. சைகடெலிக் ஆர்வலர்கள் ‘எல்லோருக்கும் திறந்துவிடு’ என்றபோது, அதே வட்டாரத்துப் பணம் உதவிய ஒரு அமைப்பு ‘எங்களுடையதைத் தொடாதே’ என்று சொல்ல முடிந்தது. பணம் கொடுத்தவரின் வாயாகப் பேசாமல் தன் வாயால் பேச முடிகிற அமைப்பு என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

குறை இல்லாமல் இல்லை. வெளியார் பணம் எங்கள் வழிபாட்டுக்குள் எதற்கு என்று சந்தேகப்படும் பழங்குடியினரும் இருக்கிறார்கள். மரியா சபினாவின் கதைக்குப் பிறகு அந்தச் சந்தேகத்தைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. சர்ச்சைச் சேர்ந்தவர்கள் சுமார் 2.5 லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அத்தனை பேருக்கு 605 ஏக்கர் எந்த மூலைக்கு? குடும்பத்தின் மனசு மாறினால் அடுத்த வருடம் காசோலை வராமலும் போகலாம். ஆனால் வாங்கின நிலம் திரும்பிப் போகாது. நாற்றங்காலில் இன்று விதைக்கிற கள்ளியை முதன்முதலில் சீவி எடுக்கப் போகிறவர்கள் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைகள்.